படையலில் வைத்த கீபோர்டு

எனக்குக் கோபமே வராது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. என் மனைவி மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "வரும். வந்து உள்ளயே உக்காந்துக்கும்" என்பாள். அவள் சொல்வது சரிதான். இரண்டாயிரத்துப் பத்தில் வந்த கோபம் ஒன்று இரண்டு வருஷம் ஆகியும் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு கீபோர்டு.

அப்போது நான் சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். வீடு கடலூர் முதுநகரில். காலை எட்டு மணிக்குள் பஸ் ஏறினால் ஒன்பதேகாலுக்குக் கடையில் இருப்பேன். படித்தது பிளஸ் டூ. அதற்கு மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கையால் எழுதிக்கொண்டு வருவதை ஆய்வேடாக அடித்துக் கொடுப்பதுதான் கடையின் முக்கியமான வேலை. கடையில் ஓனரும் நானும் மட்டும். ஓனர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "சார்" என்பேன். அண்ணே என்று கூப்பிட்ட பிறகு அவர் எதைக் கேட்டாலும் எனக்கு மறுக்க வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் மே மாதம் என் மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். பெட்டியைப் பிரித்து எல்லாருக்கும் சட்டை, தைலம், சாக்லேட் என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு தட்டையான வெள்ளை அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தான்.

"மாமா, இது உங்களுக்கு. சும்மா டப்பு டப்புனு அடிச்சி வெரல ஒடச்சிக்கிறீங்கன்னு அக்கா சொல்லுச்சி. இதுல அடிக்கவே வேணாம், தொட்டா போதும். ஒயரும் கெடையாது."

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஊட்ல கம்ப்யூட்டரே கெடையாது. வண்டி இல்லாத மனுசனுக்கு ஸ்டியரிங் மட்டும் வாங்கியாந்திருக்கான் பாரு."

"கடையில வச்சி அடிக்கட்டும்க்கா. மாமாவோட கையிதான் மாமாவுக்குச் சொத்து."

அவன் அப்படிச் சொன்னது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பிடித்திருந்தது. அதுவரை யாரும் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தக் கீபோர்டு ஒரு நாற்பது பக்க நோட்டின் கனம்தான் இருக்கும். அடிப்பக்கம் அலுமினியம், காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். மேலே வெள்ளை பட்டன்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சின்ன இடைவெளி. பென்சில் பேட்டரியில் சின்னது இரண்டு போட வேண்டும். கூடவே விரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர் இருந்தது. அதை சிபியுவின் பின்னால் சொருகினால் கீபோர்டு வேலை செய்யும். எண்களுக்குத் தனிப் பகுதி கிடையாது. அட்டவணை அடிக்கும்போது அது ஒரு தொல்லைதான்.

முதல் இரண்டு நாள் நான் அடித்ததெல்லாம் தப்பு. டைப்ரைட்டரில் பழகிய விரல் உயரத்திலிருந்து விழும். இதில் விரலைத் தூக்கவே கூடாது. ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், சின்ன வயதில் இன்ஸ்டிடியூட்டில் அடித்தது போல யளனக யளனக என்று ஒரு பக்கம் முழுக்க மெதுவாக அடித்துப் பழகினேன். அதற்குப் பிறகு விரல்கள் தானாக நகர ஆரம்பித்தன. சத்தமே இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வலது கை சுண்டுவிரல் வலிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆறேழு வருஷமாக இருந்த வலி அது.

அந்தச் சுகம் எனக்குப் பதினெட்டு நாள் கிடைத்தது.

பத்தொன்பதாம் நாள் கடைக்கு ஒரு பேராசிரியர் வந்தார். நான் உள்பக்கம், பின்பக்கத்துச் சந்தைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் உட்கார்ந்திருப்பேன். அவர் அங்கேயே வந்து நின்று பார்த்தார். "அட, இது என்னங்க இவ்ளோ சன்னமா இருக்கு? வெளிநாடா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓனர் முன்மேசையிலிருந்து சொன்னார். "ஆமா சார், நம்ம கடைக்குன்னே ஸ்பெஷலா வரவழைச்சது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓனருக்கு வாய் ஜாஸ்தி, பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் போனால் என் மேசையில் பழைய கறுப்புக் கீபோர்டு இருந்தது. என்னுடையது முன்மேசையில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அண்ணே, முன்னாடி இருந்தா கடைக்கி ஒரு கெத்துண்ணே. நீங்க பின்சந்துப் பக்கம் உக்காந்திருக்கீங்க, அங்க யாரு பாக்கப் போறா? ஒரு ரெண்டு நாளிக்கி இருக்கட்டும்."

"சரி சார்" என்றேன்.

அந்த "சரி சார்" என்ற இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இரண்டு நாள் ஒரு வாரமானது. வாரம் மாதமானது. ஓனருக்குத் தட்டச்சு தெரியாது. இரண்டு ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ரசீதில் பெயர் அடிப்பார். அதற்கு அந்தக் கீபோர்டு. நாளெல்லாம் பக்கம் பக்கமாக அடிக்கிற எனக்கு, பாதி எழுத்து அழிந்த, குத்தினால்தான் விழுகிற பழைய கட்டை. எழுத்து அழிந்தது எனக்குப் பொருட்டில்லை, நான் பார்த்து அடிப்பதில்லை. குத்த வேண்டியிருந்ததுதான் கொடுமை. ஓனர் பஜ்ஜி தின்ற விரலைப் பேப்பரில் துடைத்துவிட்டு அதே விரலால் அந்த வெள்ளை பட்டன்களைத் தொடுவார். நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது கேட்டால், "நம்ம கீபோர்டு" என்பார். ஒரு நாள்கூட, தப்பித் தவறிக்கூட, அண்ணனுடையது என்று சொன்னதில்லை.

கேட்க வேண்டும் என்று தினமும் பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். "சார், அத நான் எடுத்துக்கறேன்." இவ்வளவுதான் வசனம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை தெளிவாக இருக்கும். கடைப் படியில் கால் வைத்ததும் ஓனர் "வாங்கண்ணே, டீ சொல்லட்டா?" என்பார். வசனம் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் பேசினான். "மாமா, கீபோர்டு எப்டி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"வெரலு வலி?"

"இப்ப இல்ல."

அப்போது என் வலது கை வெந்நீர்ச் சொம்பில் இருந்தது. இடது கையால் போனைப் பிடித்திருந்தேன். போனை வைத்ததும் என் மனைவி முறத்தை டொக்கென்று தரையில் வைத்தாள்.

"ஏன் பொய் சொல்றீங்க? அந்தப் புள்ள வெயில்ல நின்னு சம்பாரிச்சி வாங்கியாந்தது, எவனோ மேசையில கெடக்குது. போயி என்னுதக் குட்றான்னு கேக்க வாய் இல்லியா?"

"கேக்கறேன்."

"நீங்க கேட்டு கிழிச்சீங்க."

அக்டோபர் மாதம் ஆயுத பூஜை வந்தது. அந்தச் சமயத்தில் கடையில் அவசரமாக ஒரு ஆய்வேடு போய்க்கொண்டிருந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற ஒரு அம்மாவுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். அந்த மாதத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் கெடு முடிந்துவிடும் என்று பதறிக்கொண்டிருந்தார். ஐந்து இயல்களையும் நான் அடித்து, இரண்டு முறை திருத்தமும் போட்டு முடித்திருந்தேன். இயல்களைத் தனித்தனிக் கோப்பாக வைப்பது என் வழக்கம். பக்க எண் போடுவதற்காக ஓனர் தன் மேசைக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஒட்டினார். ஒட்டிய பிறகு, இடத்தை அடைக்கிறது என்று என் கம்ப்யூட்டரிலிருந்த தனிக் கோப்புகளையும் அழித்துவிட்டார். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

பூஜையன்று சாயங்காலம் அவர் அந்த ஆய்வேட்டைத் திறந்து வைத்து, வரி இடைவெளியைக் கூட்டுவதற்காக முழுவதையும் செலக்ட் செய்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் வந்து, நல்ல நேரம் இன்னும் பத்து நிமிஷம்தான் என்று அவசரப்படுத்தினார். ஓனர் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு, அதன் மேல் முதலில் என் கீபோர்டை வைத்தார். நாலு மூலையிலும் சந்தனம் வைத்தார். நல்ல தண்ணிச் சந்தனம், வழிந்து பட்டன்களுக்குள் இறங்கியது. நடுவில் குங்குமம். அதன் மேல் பில் புக்குகள், அதன் மேல் ஒரு கட்டு பேப்பர், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் மேல் பொரியும் பழமும். ஆயுதம் என்று வைக்கிறவர், தினமும் நான் குத்துகிற அந்தக் கறுப்புக் கட்டையை அல்லவா வைத்திருக்க வேண்டும்?

சூடம் காட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன். முன்மேசைக்குக் கீழே சிபியுவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சார், சிஸ்டம் ஓடுது" என்றேன்.

"இருக்கட்டும்ணே. படைச்சாச்சி. படைச்சதுக்கப்பறம் தொடக்கூடாது. நாளைக்கி வந்து பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துத்தான் தொழில் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் அருவாமனையைக்கூட அன்றைக்குத் தொடமாட்டோம். சிபியுவுக்கும் அவர் பொட்டு வைத்திருந்தார், அதனால் அதையும் தொடக்கூடாது. நான் மறுபடி சொல்லவில்லை. ஒயர் இருக்கிற கீபோர்டு என்றால் கழற்றித்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். இது ஒயர் இல்லாதது. இலையில் படுத்துக்கொண்டே கம்ப்யூட்டரோடு பேசும். அவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பொரியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் நான் கடைக்குள் நுழைந்தபோது ஓனர் டீகூடச் சொல்லவில்லை.

"இன்னாண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன சார்?"

"அந்தம்மா தீசிஸ்ஸு போச்சு. தொறந்து பாருங்க."

திறந்து பார்த்தேன். ஒரே எழுத்து. ம. முதல் பக்கத்திலிருந்து ம ம ம ம என்று வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம். கீழே பார்த்தால் நானூறு பக்கத்துக்கு மேல் போயிருந்தது. ஆய்வேட்டின் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு எல்லாம் உடனே விளங்கிவிட்டது. முழுவதையும் செலக்ட் செய்துவிட்டு எந்த எழுத்தைத் தொட்டாலும் அத்தனையும் போய் அந்த ஒரு எழுத்து நிற்கும். பில் புக்கின் முனை அந்த பட்டன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்க அது அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதுகூடப் போகட்டும். மூடாமல் விட்டிருந்தால் ஒரே ஒரு கன்ட்ரோல் இசட்டில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கியிருப்பேன். மூடியாகிவிட்டது. சேவ் செய்து மூடியாகிவிட்டது. கோப்பைக் கடைசியாக சேவ் செய்த நேரத்தைப் பார்த்தேன். அன்று காலை எட்டு பதினாறு. நான் வந்த பஸ் அப்போது ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும்.

ஓனர் காலையில் சீக்கிரம் வந்து படையலைக் கலைத்திருக்கிறார். மானிட்டரைப் போட்டதும் பயந்திருக்கிறார். பயத்தில் மூடியிருக்கிறார். சேவ் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு எஸ் கொடுத்திருக்கிறார். பதறினால் யாருக்கும் கை தவறும். அதற்காக நான் யார் மேலும் கோபப்பட மாட்டேன்.

பத்து மணிக்கு அந்த அம்மா பிரிண்ட் வாங்க வந்தார். ஓனர் எழுந்து நின்று, தாழ்ந்த குரலில், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

"மேடம், ஒரு சின்ன ப்ராப்ளம். அண்ணன் ஒரு கீபோர்டு கொண்டாந்து வச்சிருந்தாரு, ஒயர்லெஸ்ஸு. வேணாம்ணே, அது தானா அடிக்கும்னு நான் அப்பவே சொன்னேன். உங்க ஃபைலு மேல ஏதோ அடிச்சிடுச்சி. அண்ணன் அத பாக்காம சேவ் பண்ணிட்டாரு."

ஐந்து மாதமாக நம்ம கீபோர்டு. அன்றைக்குக் காலையில் அது அண்ணன் கொண்டுவந்த கீபோர்டு ஆகிவிட்டது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கி, "ஏன் சார், ஒரு காப்பி எடுத்து வச்சிக்க மாட்டீங்களா? எனக்கு ஒம்பது நாள்தான் சார் இருக்கு" என்றார்.

என்னிடம் மாதக் கடைசியில் போட்ட ஒரு சிடி இருந்தது. அதில் முதல் மூன்று இயல்கள் இருந்தன, அதுவும் திருத்தம் போடுவதற்கு முந்தையவை. "மூணு இயல் இருக்கும்மா. மீதிய அடிச்சிக் குடுத்துடறேன்" என்றேன். நான் செய்யவில்லை என்று சொல்லவில்லை. எட்டு பதினாறு என்று சொல்லவில்லை. அடித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னதே தப்பை ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது. ஓனர் என் தோளில் தட்டினார். "அண்ணன் பாத்துக்குவாரு மேடம்." அந்தக் கை என் தோளில் பட்ட இடம் அன்று முழுக்க எரிந்தது.

பாழான அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை. வேறு பெயரில் என் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தேன்.

ஓனருக்கு இப்போது என் கீபோர்டு வேண்டாம். "நீங்களே வச்சிக்கங்கண்ணே, ராசியில்லாதது" என்று கொண்டுவந்து என் மேசையில் போட்டார். ரிசீவரையும் கழற்றி என் கம்ப்யூட்டரில் சொருகினார். பட்டன்களின் இடுக்கில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அதை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் இரண்டு இயல்களை மறுபடி அடித்தேன், மூன்று இயல்களுக்குத் திருத்தம் போட்டேன். அந்த அம்மா கையெழுத்துப் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருந்தது ஒன்றுதான் நல்ல காலம். மழை ஆரம்பித்துவிட்டது. நனைந்த சட்டையோடு உட்கார்ந்து அடித்தேன். அவ்வளவு வேகமாக நான் எப்போதும் அடித்ததில்லை. கோபத்துக்கு விரல் நன்றாக ஓடுகிறது என்பதை அந்த ஐந்து நாளில் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"செஞ்சது அவன். அடிக்கிறது நீங்க. பேரு கெட்டது உங்குளுது."

"ஆமா."

"சாப்புடுங்க" என்றாள். அவள் திட்டாமல் விட்டதுதான் எனக்கு உறைத்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. கடைசியில் அடிக்க வேண்டியது நன்றியுரை. எல்லா ஆய்வேட்டிலும் அது கடைசியாகத்தான் வரும், முன்னால் சேர்ப்போம். நெறியாளருக்கு, துறைத் தலைவருக்கு, பெற்றோருக்கு, கணவருக்கு என்று போய், கடைசிப் பத்தியில் தட்டச்சு செய்த கடையின் ஓனருக்கு நன்றி வரும். அது வழக்கம். அடித்தவன் பெயர் வராது, கடைக்காரர் பெயர்தான் வரும். அந்தப் பத்தியை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன், மனதில் பட்டதே இல்லை.

அந்த அம்மா என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஓனர் முன்மேசையில் இருந்தார். நான் அடித்துக்கொண்டே வந்தேன். குறித்த காலத்தில் பிழையின்றித் தட்டச்சு செய்து வழங்கிய கணினியக உரிமையாளர் என்று வந்தது. அவர் பெயர் வந்தது. அதற்கு அடுத்த வரி: எதிர்பாராமல் நேர்ந்த இழப்பினை ஐந்தே நாட்களில் ஈடுசெய்து உதவிய அவரது பெருந்தன்மைக்கும்.

கை நின்றுவிட்டது.

"என்ன சார், கையெழுத்து புரியலியா?" என்றார் அந்த அம்மா.

"புரியுது."

"அப்பறம்?"

"நான் அழிக்கலம்மா."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. நான் எடுத்து வைத்திருந்த கோப்பைத் திறந்து காட்டினேன். சேவ் செய்த நேரத்தைக் காட்டினேன். "பாருங்க, எட்டு பதினாறு. பூஜைக்கி மறுநாளு. அந்நேரம் நான் பஸ்ல வந்துட்டிருந்தேன். நான் கடைக்கி வந்தது ஒம்பதேகாலு."

ஓனர் எழுந்து வந்தார். "இன்னாண்ணே? இன்னா பிரச்சன?"

"நீங்க எஸ் குடுத்தீங்க சார்."

"எதுக்கு எஸ் குடுத்தேன்?"

"என் கீபோர்டு மேல பில் புக்க வச்சீங்க. சிஸ்டம் ஓடுதுன்னு சொன்னேன், தொடக்கூடாதுன்னீங்க. காலையில வந்து நீங்கதான் சேவ் பண்ணி மூடுனீங்க."

ஓனர் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், சாமிக்கி வச்சது தப்பாம். நல்லா இருக்குண்ணே நீங்க பேசறது."

"சாமிக்கி வச்சது தப்புன்னு நான் சொல்லல. என்னுத வச்சீங்க. என்னக் கேக்காம வச்சீங்க. இந்தம்மாகிட்ட என் பேரச் சொன்னீங்க. அதுதான் தப்பு."

இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது. ஓனர் ஸ்டேப்ளரை எடுத்து, பிறகு வைத்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அப்படியா சார், மன்னிச்சிடுங்க என்று. அது கூட வேண்டாம், அப்படியா என்று மட்டும்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், அந்தப் பக்கத்த மட்டும் முடிச்சிடுங்க. பைண்டிங் கடைய மூடிடுவான்."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் ஓனர் மேல் வந்ததைவிடப் பெரியது. இப்போது யோசித்தால், ஒன்பது நாள் கெடுவில் ஆறு போய்விட்ட ஒருத்தருக்கு யார் எஸ் கொடுத்தார்கள் என்பதா முக்கியம் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றிய பிறகும் கோபம் குறையவில்லை.

பக்கத்தை முடித்துக் கொடுத்தேன். பெருந்தன்மை என்ற சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அடித்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்த அம்மா ஓடினார். நான் மேசைக்கு அடியில் குனிந்து ரிசீவரைப் பிடுங்கினேன். கீபோர்டைச் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன்.

"நாளைக்கி வருவீங்கல்லண்ணே? புவனகிரிப் பொண்ணோட சாப்டர் இருக்கு" என்றார் ஓனர், ஒன்றுமே நடக்காதது போல.

"வரமாட்டேன் சார்" என்றேன். அப்போதும் சார் என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்குப் போனதும் பையிலிருந்து கீபோர்டை எடுத்து டிவி மேல் வைத்தேன். என் மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேக்கல. எடுத்துட்டு வந்துட்டேன்."

"வேல?"

"விட்டுட்டேன்."

அவள் முந்தானையால் கீபோர்டின் மேலிருந்த மழை ஈரத்தைத் துடைத்தாள். ஏறக்குறைய மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். அந்த மூன்று மாதமும், கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில், அது டிவி மேலேயே இருந்தது.

அந்த அம்மாவுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது என்றும், பழைய கடைக்கு ஸ்வீட் பாக்சோடு வந்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். நான் எங்கே என்று விசாரித்தாரா என்பது தெரியாது. அந்த ஆய்வேடு நூலகத்தில் இருக்கும். யாராவது எடுத்துப் புரட்டினால் ஓனரின் பெருந்தன்மையைப் படிப்பார்கள்.

பொங்கலுக்குப் பிறகு கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில், அரசு ஆபீசுகளுக்கு எதிரே ஒரு கடையில் வேலை கிடைத்தது. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று மனு அடிக்கிற வேலை. முதல் நாள் கீபோர்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும், புதிய ஓனர் ஆசையாகக் கை நீட்டினார்.

"இது என்னோடது" என்றேன். "சாயங்காலம் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். வேற யாரும் தொடக்கூடாது."

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

"சரிண்ணே, உங்குளுதுதான். யாரு இல்லன்னா?" என்றார் அவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு. "அதுக்கு ஏன் இப்டி மொறைக்கறீங்க?"

நான் முறைத்தது எனக்குத் தெரியாது. பாவம், அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ரிசீவரைச் சொருகிவிட்டு, எதிரே பென்ஷன் மனுவோடு காத்திருந்த பெரியவரிடம் பெயரைக் கேட்டு அடிக்க ஆரம்பித்தேன்.